தூக்குப்போசி

திருப்பூர் நகரின் சாலையோரத்தில் காலை எட்டு மணிக்கு நின்று பார்ப்பவர் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். நாற்றிசையிலிருந்தும் மக்கள் வந்து கொண்டிருப்பர். பேருந்தில் வருவோர் சிலர். மிதிவண்டியிலும் மோட்டார் வண்டியிலும் வருவோர் சிலர். கால்நடையாக வருவோர் பலர். எட்டரை மணிக்குள் பனியன் கம்பெனியின் வாயிலைக் கடந்துவிட வேண்டும் என்னும் விரைவு அவர்கள் நடையில் தெரியும். துணி வெட்டுவோர், தைப்போர், பிசிறு நீக்குவோர், தேய்த்து மடிப்போர் எனப் பல திறத்தாரும் அக்கூட்டத்தில் உளர். அவர்களுக்கு ஊர் வேறு, வயது வேறு, கூலியும் வேறு. ஆயினும் அவர்களுள் பலருடைய கையில் ஒரு பொருள் பொதுவாக இருக்கும். உருண்டு நீண்ட உடல், இறுக மூடும் மூடி, வளைந்த கைப்பிடி ஆகிய மூன்றும் உடைய சிறிய பாத்திரம் அது. கொங்கு நாட்டு மக்கள் அதனைத் தூக்குப்போசி என்பர்.

எளிய பொருள்தான், எனினும் அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் செய்தவரின் அறிவு புலப்படும். சோறு சிந்தாமல் இருக்க மூடி இறுகப் பொருந்துகிறது. உண்ணும் வேளையில் அதே மூடி குழம்பு ஊற்றிக்கொள்ளும் கிண்ணமாகிறது. கைப்பிடி இருப்பதால் விரலில் மாட்டி நடக்கலாம்; வண்டியின் கொக்கியிலும் தொங்கவிடலாம். காலையில் சோறு சுமந்து சென்ற போசி, மாலையில் பால் சுமந்து திரும்பும். இடைவேளையில் தேநீர்க் கடைக்கும் சென்று வரும். தோட்டத்தில் களை எடுத்தவர்களுக்குக் கம்மஞ்சோறும் மோரும் கொண்டு சென்ற கலமும் இதுவே. தோட்டத்தை விட்டுப் பனியன் கம்பெனிக்கு மக்கள் வந்தபோது போசியும் அவர்களோடு நகரத்துக்கு வந்தது.

இந்தப் பாத்திரத்தின் பெயரால் ஒரு நாள் வகுப்பறை ஒன்றில் சிரிப்பு எழுந்தது. வீட்டில் உள்ள பொருள் ஒன்றைப் பற்றி எழுதி வருமாறு தமிழாசிரியர் கூறியிருந்தார். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து தான் எழுதியதைப் படித்தாள். "எங்கள் அம்மா காலையில் போசியை எடுத்துக்கொண்டு" என்று தொடங்கியதுமே பின்வரிசையில் இருந்த சிலர் நகைத்தனர். "போசியாம், போசி!" என்றான் ஒருவன். அவள் முகம் சிவந்தது. படிப்பதை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்து அச்சொல்லை அடித்தாள். அதன் மேல் 'பாத்திரம்' என்று எழுதினாள்.

ஆசிரியர் இதைக் கண்டார். சிரித்தவர்களை அவர் கடியவில்லை. கரும்பலகையில் அந்தக் கலத்தின் உருவத்தை வரைந்தார். "உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துச் சிறுவன் 'தூக்குவாளி' என்றான். தஞ்சைப் பக்கத்துச் சிறுமி 'தூக்கு' என்றாள். மற்றொருவன் 'தூக்குச்சட்டி' என்றான். பீகாரிலிருந்து வந்து ஓராண்டே ஆன மாணவன் சற்றுத் தயங்கி, 'டப்பா' என்றான். இரண்டு மூன்று பேர் 'டிபன்' என்றனர். டிபன் என்பது உணவின் பெயரா, பாத்திரத்தின் பெயரா என்று ஆசிரியர் கேட்டபோது அவர்களும் சிரித்துவிட்டனர். கரும்பலகையில் ஒரு சிறு படத்தைச் சுற்றி ஆறு பெயர்கள் நின்றன. "இவற்றுள் எது சரி? எது தவறு?" என்றார் ஆசிரியர். வகுப்பு அமைதியாயிற்று.

அவ்வினாவுக்கு விடை காண வேண்டுமானால் பெயரின் உள்ளே புகுந்து பார்த்தல் வேண்டும். 'தூக்குப்போசி' என்பதில் இரண்டு சொற்கள் உள்ளன. முதற்சொல் தூக்கு. இது தூங்கு என்னும் வினையோடு உறவுடையது. இன்று தூங்குதல் என்றால் உறங்குதல் என்றே பலரும் கொள்வர். பழந்தமிழில் தொங்குதல், அசைதல் என்னும் பொருள்களே அதற்குச் சிறந்து நின்றன. மரக்கிளையில் தொங்கும் கூட்டை நாரால் பின்னி வாழும் பறவையைத் தூங்கணாங்குருவி என்பது அப்பழம்பொருளின் எச்சம். தானே தொங்குவது தூங்குதல். ஒன்றைத் தொங்கச் செய்வது தூக்குதல். ஆகவே தூக்குப்போசி என்பது தொங்கவிட்டுக் கொண்டு செல்லும் கலம் என்று பொருள்படும். கயிற்று உறியில் பானையை வைத்துத் தூக்கிய காலமும் ஒன்று இருந்தது. அந்த உறியின் வேலையை இன்று உலோகக் கைப்பிடி செய்கிறது.

தூக்கு என்னும் சொல் அவ்வளவில் நின்றுவிடவில்லை. துலாக்கோலில் பொருளைத் தொங்கவிட்டு நிறுப்பதனால் நிறுத்தலுக்கும் தூக்கு என்னும் பெயர் வந்தது. பொருளை நிறுப்பது போலக் கருத்தை நிறுத்துப் பார்ப்பதைச் சீர்தூக்கிப் பார்த்தல் என்கிறோம். தொல்காப்பியர் செய்யுளின் உறுப்புகளாகக் கூறிய முப்பத்து நான்கனுள் தூக்கும் ஒன்று. குற்றவாளியின் உயிரைப் பறிக்கும் தண்டனைக்கும் அதுவே பெயராயிற்று. உயிரைப் போக்குவதும் தூக்கு. உயிரைக் காக்கும் சோற்றைச் சுமப்பதும் தூக்கு! ஒரே சொல் இடத்துக்கேற்ப எத்துணை வேறுபட்ட பொருள்களைத் தாங்குகிறது!

இனி, போசி என்பதைக் காண்போம். கொங்கு வழக்கில் போசி என்பது பாத்திரம் என்னும் பொதுப்பொருளில் வழங்கும். "போசியைக் கழுவி வை" என்றால் உண்ட பாத்திரத்தைத் தூய்மை செய் என்பது கருத்து. இச்சொல்லைக் கேட்டவுடன் போசனம் என்னும் வடசொல் சிலருக்கு நினைவுக்கு வரலாம். போசனம் இடுவது போசி என்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால் ஒலி ஒத்திருப்பது ஒன்றே ஒரு சொல்லின் பிறப்பைக் காட்டிவிடாது. முகம் ஒத்த இருவரெல்லாம் உடன்பிறந்தார் ஆகிவிடுவரோ? சொல்லின் உறவை முடிவு செய்யுமுன் அண்டை மொழிகளையும் அண்டை ஊர்களையும் கேட்டறிதல் வேண்டும். வாயகன்ற பாத்திரத்தைப் போகணி என்பது தமிழ் வழக்கு. கன்னடத்தில் போகுணி என்பர். தென் மாவட்டங்களில் குவளை போன்ற கலத்தைப் போணி என்பாரும் உளர். அதே போணி என்னும் ஒலி, கடைக்காரர் வாயில் அன்றைய முதல் விற்பனையைக் குறிக்கும். ஒலி ஒன்றாயினும் பொருள் வேறு. இவ்வாறு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கே சொல்லாராய்ச்சி இன்பம் தரும். அவசரப்பட்டு முடிவு கூறுபவருக்குத் தராது.

அந்த மாணவி போசியை அடித்துவிட்டு எழுதிய 'பாத்திரம்' என்னும் சொல்லும் ஓர் உலகம் சுற்றிய சொல்லே. வடமொழியிலிருந்து வந்து தமிழில் வேரூன்றிய அது, கலத்தை மட்டும் குறிப்பதன்று. தகுதியுடையவரை 'அன்புக்குப் பாத்திரமானவர்' என்கிறோம். நாடகத்தில் வருவோரைக் கதாபாத்திரம் என்கிறோம். 'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்னும் பழமொழியில் அச்சொல் கொள்ளும் கலத்தையும் கொள்பவரின் தகுதியையும் ஒருங்கே உணர்த்துகிறது. தூய தமிழ்ச் சொல்லாகிய கலமோ இன்னும் விரிந்த பொருளுடையது. உண்பதற்கு உரியது உண்கலம். கடலைக் கடப்பது மரக்கலம். உடலில் அணிவது அணிகலம். நெல்லை அளப்பதும் கலம். ஏற்றுத் தாங்குவதெல்லாம் கலம் என்று முன்னோர் கருதினர் போலும்.

கலங்களுள் புகழ்மிக்கது மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபி. அள்ள அள்ளக் குறையாமல் பசித்தோர்க்கெல்லாம் உணவு வழங்கியது என்று காப்பியம் கூறும். அதன் வரலாற்றைச் சொல்லும் பகுதிக்குப் 'பாத்திர மரபு கூறிய காதை' என்றே பெயர். திருப்பூர்த் தொழிலாளியின் போசி அமுதசுரபி அன்று. அது தானே நிறைவதில்லை. விடியுமுன் எழுந்து ஒருவர் அடுப்பு மூட்டினால்தான் அது நிறையும். இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் வேலை பார்த்துத் திரும்பும் தாய், மறுநாள் விடியுமுன் எழுந்து, பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் பட்டறைக்குச் செல்லும் கணவனுக்கும் உணவு சமைத்து வைக்கிறாள். எஞ்சியதைத் தன் போசியில் இட்டுக்கொண்டு புறப்படுகிறாள். என்றேனும் ஒரு நாள் போசியின் எடை குறைந்திருந்தால் அதை அறிபவள் அவள் ஒருத்தியே. மூடி இறுகப் பொருந்தியிருப்பதால் பிறர் அறியார்.

போசியின் பெயர் மாறாமல் நிற்க, அதன் உடல் பலமுறை மாறியிருக்கிறது. மண், பித்தளை, அலுமினியம், எவர்சில்வர் எனக் கலங்கள் காலந்தோறும் உருமாறி வந்துள்ளன. பித்தளையில் புளிக்குழம்பும் மோரும் நெடுநேரம் இருந்தால் களிம்பு ஏறும். அதனால் உட்புறத்தில் ஈயம் பூச வேண்டியிருந்தது. 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி என்பவர் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். இரும்போடு நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் சேர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று மேற்பரப்பில் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. என்றும் வெள்ளிபோல் இருப்பது என்னும் கருத்தில் அதனை எவர்சில்வர் என்று நம்மவர் வழங்கினர். வெள்ளி சிறிதும் இல்லாத பொருளுக்கு வெள்ளியின் பெயர்! இது புதுமையன்று. செம்பு என்பது ஓர் உலோகத்தின் பெயர். அவ்வுலோகத்தால் ஆன நீர்க்கலத்துக்கும் பெயராயிற்று. பின்னர் 'எவர்சில்வர் செம்பு' என்று சொல்லும் அளவுக்கு உலோகத்தை மறந்து உருவத்தோடு ஒட்டிக்கொண்டது. எள்ளின் நெய்யாகிய எண்ணெய், தேங்காய் எண்ணெய்க்கும் இடம் கொடுத்ததைப் போன்றதே இது.

திருப்பூர் என்றவுடன் பனியனே நினைவுக்கு வரும். ஆனால் அந்நகரின் ஒரு பகுதியாகிய அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள பட்டறைகளில் செம்பும் பித்தளையும் எவர்சில்வரும் அண்டாவாகவும் குடமாகவும் வாளியாகவும் வடிவெடுக்கின்றன. தகட்டை வெட்டுதல், அடித்து வளைத்தல், பற்றவைத்தல், மெருகேற்றுதல் எனப் பல கைகள் மாறியே ஒரு பாத்திரம் உருவாகும். மெருகு பிடிப்பவரின் முகத்தில் கரிய துகள் படியும். அவர் கையிலுள்ள பாத்திரமோ கண்ணாடிபோல் ஒளிரும். பிறர் முகம் பார்க்கும்படி பாத்திரத்தை ஒளிரச் செய்தவரின் முகம், வேலை முடிந்து நீர்விட்டுக் கழுவும் வரையில் அவருக்கே அடையாளம் தெரியாது. செய்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறும் அத்தொழிலாளர்க்கு ஒவ்வொரு கலமும் ஒரு நாள் உணவின் ஒரு பகுதி.

பனியன் என்னும் பெயரும் இவ்வாறே ஊர் சுற்றி வந்தது. வணிகன் என்பதோடு உறவுடைய வாணியோ என்னும் குசராத்திச் சொல் ஐரோப்பியர் வாயில் பனியன் என்று மாறியது. அவ்வணிகர் உடுத்திய தளர்ந்த மேலாடை அவர் பெயரைப் பெற்றது. அவர்கள் நிழலில் கூடிய ஆலமரமும் ஆங்கிலத்தில் அவர் பெயரையே பெற்றது. கடைசியில் அச்சொல் உள்ளாடைக்கு உரியதாகி, 1920-களில் பின்னலாடைத் தொழில் தொடங்கிய திருப்பூரில் நிலையாகக் குடியேறிவிட்டது. உலகம் சுற்றி வந்த பனியன் என்னும் சொல்லைக் கேட்டு எவரும் சிரிப்பதில்லை. ஊரை விட்டு அகலாத போசியைக் கேட்டு மட்டும் சிரிப்பது ஏன்?

அன்று மாலை அந்த மாணவி வீட்டுக்குச் சென்றாள். இரவு ஒன்பது மணிக்குத் தாய் வந்தாள். "கண்ணு, அந்தப் போசியைக் கொஞ்சம் கழுவி வெச்சிரு" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து அமர்ந்தாள். நாள்தோறும் கேட்ட சொல்தான். அன்று அது மாணவியின் செவியில் வேறாக ஒலித்தது. விளக்கின் அருகே வைத்துப் போசியைத் துலக்கும்போது அதன் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக ஏதோ பொறித்திருப்பதைக் கண்டாள். தேய்ந்துபோன எழுத்துகள். விரலால் தடவிப் படித்தாள். அவளுடைய அம்மிச்சியின் பெயர் அது. தாயின் திருமணத்தின்போது அம்மிச்சி கொடுத்த சீர்ப் பாத்திரங்களுள் ஒன்று அந்தப் போசி. அவள் மறைந்து பல ஆண்டுகள் ஆயின. ஆயினும் அவள் பெயரைக் கையில் ஏந்தித் தாய் நாள்தோறும் வேலைக்குச் சென்று வந்திருக்கிறாள்!

பாத்திரத்தில் பெயர் பொறிப்பது அந்த வீட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. நேற்று இன்று தோன்றியதும் அன்று. திருப்பூர் வழியாகப் பாயும் நொய்யலாறு கிழக்கு நோக்கிச் செல்லும் வழியில், அதன் வடகரையில் கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் அதுவே என்பர் அறிஞர். அங்கு அகழ்ந்து பார்த்தபோது, மணிகள் செய்த இடமும் இரும்பு உருக்கிய உலைகளும் நூல் நூற்கும் தக்கிளிகளும் வெளிப்பட்டன. அவற்றோடு, தமிழ் எழுத்துகள் கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவ்வெழுத்துகள் அரசரின் புகழைப் பாடவில்லை. கண்ணன் ஆதன், சம்பன் சுமணன் என்பன போன்ற ஆட்பெயர்களே அவற்றுள் மிகுதி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நொய்யற்கரையில் வாழ்ந்த ஒருவர், தம் பானை பிறர் பானையோடு கலந்துவிடாமல் இருக்கக் கூரிய கருவியால் பெயரைக் கீறி வைத்தார். பானை உடைந்தது, சோறும் தீர்ந்தது, ஊரும் மண்ணுள் மறைந்தது. பெயர் மட்டும் மீண்டு வந்தது. அதே ஆற்றின் கரையில் இன்று பனியன் கம்பெனியின் உணவறையில் ஒரேமாதிரியான போசிகள் வரிசையாக இருக்கும்போது, தொழிலாளி தன் போசியைப் பெயர் பார்த்தே எடுக்கிறாள்.

மறுநாள் வகுப்பில் ஆசிரியர் முதல்நாள் வினாவுக்கு விடை கூறினார். "ஆறு பெயரும் சரியானவையே. எல்லார்க்கும் பொதுவாக எழுதும்போது எல்லார்க்கும் விளங்கும் சொல்லை ஆளுங்கள். உங்கள் வீட்டைப் பற்றி எழுதும்போது உங்கள் வீட்டில் வழங்கும் சொல்லை ஆளுங்கள். விளங்காதவர்க்கு விளக்கம் கொடுங்கள். சொல்லை அடித்துவிடாதீர்கள்" என்றார். பின்னர்ச் சில நூல்களைக் குறிப்பிட்டார். கொங்கு மக்களின் பேச்சைத் தயங்காது கதைக்குள் கொண்டுவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. கரிசல் நாட்டுச் சொற்களைத் தொகுத்துக் கி. ராஜநாராயணன் 1982-ஆம் ஆண்டில் ஓர் அகராதி செய்தார். கொங்கு வட்டாரச் சொற்களைத் தொகுத்துப் பெருமாள்முருகன் 2000-ஆம் ஆண்டில் ஓர் அகராதி வெளியிட்டார். கற்றோர் தேடித் தேடித் தொகுக்கும் செல்வத்தைப் பிறந்த வீட்டிலேயே பெற்றவர்கள் அதனை நாணி ஒளித்தல் தகுமோ?

பொருள் வழக்கொழிந்தால் அதன் பெயரும் வழக்கொழியும். குழிசி, தசும்பு, மிடா என்று பழந்தமிழர் பெயரிட்டு அழைத்த மட்கலங்கள் அடுப்பை விட்டு அகன்றன. அவற்றின் பெயர்களும் பேச்சை விட்டு அகன்று நூல்களுள் ஒதுங்கின. அதில் வியப்பில்லை. ஆனால் பொருள் கையில் இருக்கும்போதே, அதைச் சுமப்பவர் நாள்தோறும் சுமந்துகொண்டிருக்கும்போதே, அதன் பெயரை நாணத்தால் கைவிடுவது வேறு. அங்கே மறைவது ஒரு சொல் மட்டும் அன்று. அச்சொல்லைச் சொல்லிச் சோறிட்டவரின் மதிப்பும் உடன் மறைகிறது. "போசி" என்பதைக் கேட்டுச் சிரித்தவர்கள் ஒரு தாயின் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள் என்பதை அவர்களே அறிந்திலர். அறிந்த பின் சிரிக்கவில்லை.

கொங்கு நாட்டில் மட்டுமன்றித் தமிழகம் எங்கும் ஒரு நல்வழக்கம் உண்டு. அண்டை வீட்டார் பலகாரம் கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருதல் கூடாது என்பர். ஒரு பிடி அரிசியோ, நான்கு பழமோ, சிறிது சர்க்கரையோ இட்டே திருப்புவர். முன்னோர் தந்த சொல்லும் அத்தகைய கலமே. அதை வெறுமையாக்கி அடுத்த தலைமுறைக்குத் தருதல் முறையன்று. தாம் அறிந்த பொருளையும் தம் வாழ்வின் சுவையையும் அதில் இட்டே தருதல் வேண்டும்.

அந்த மாணவி தன் கட்டுரையை மீண்டும் எழுதினாள். அடித்த இடத்தில் 'போசி' என்றே எழுதினாள். அடுத்த வரியில், கொங்கு நாட்டில் பாத்திரத்தைப் போசி என்பர் என்று விளக்கம் சேர்த்தாள். கட்டுரையின் இறுதியில், அதில் பொறித்திருந்த அம்மிச்சியின் பெயரையும் பிழையின்றி எழுதினாள்.